மூன்று வயிற்றுக் காடு

பூபதியின் விவசாயக் காட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் குழாய் வழியே மணல் தொட்டிக்குப் போய், அங்கிருந்து பாத்திக்குப் பாயும். வெட்டிய முடியும் நகமும் எருக்குழிக்குப் போகும். கழிப்பறையில் தண்ணீரே கிடையாது. சாம்பலும் மரத்தூளும் போட்டு மூடி, மாதக்கணக்கில் மக்கவைத்து, அதுவும் காட்டுக்கே போகும். சொந்தக்காரர்கள் விருந்துக்கு வரவே யோசித்தார்கள். "அவிய ஊட்டுக்குப் போனா, தின்னதைத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வரோணும்" என்று ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொல்ல, வரிசையே சிரித்ததாகப் பூபதியின் மனைவி கௌசல்யாவின் காதுக்கு வந்தது. அவளும் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பூபதிக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. பாதி ஆயுளைச் சாயப்பட்டறையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் கழித்தவன். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்பதுதான் அங்கே தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். சொல்லிக்கொடுத்தவர்களே மழை நாளில் மடையைத் திறந்துவிடச் சொல்வார்கள். அவனும் திறந்துவிடுவான். அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து, கீழ்க்கரையில் இருந்த அவனுடைய சொந்தக் காட்டுக் கிணற்றிலேயே வந்து ஊறியது. கிணறு ஒரு மாதம் நீலமாக இருக்கும், மறுமாதம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். மண் உப்புப் பூத்து வெளுத்தது. தென்னை மொட்டையானது. மகள் மகிழினி நடை பழகுவதற்குள் வீசிங் வந்து, நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கிற பிள்ளையாக வளர்ந்தாள். டாக்டர்கள் தூசி என்றார்கள், தண்ணீர் என்றார்கள், சாப்பாடு என்றார்கள். பூபதி மறுபேச்சுப் பேசாமல் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டிலேயே ஓட்டு வீடு கட்டினான்.

சாப்பாட்டு விஷயத்தில் அந்த வருஷங்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. அரிசி என்று வந்தது, மாவைப் பிசைந்து இயந்திரத்தில் வார்த்த மணிகள். பால் என்று வந்தது, மாட்டையே பார்க்காத பால். மலிவாகக் கிடைத்தது, வயிறும் நிறைந்தது, பெரிதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. இருந்தாலும் வசதி உள்ளவர்களும், வசதி இல்லாமல் வீம்பு மட்டும் உள்ளவர்களும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். பூபதி இரண்டாவது ரகம்.

இந்த மண்ணில் புல்கூட முளைக்காது என்று பரிசோதனைக்காரர்கள் கைவிரித்த சமயத்தில்தான் பெனசீர் வந்தாள். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிற பெண். செத்த மண்ணை உயிர்ப்பிக்க ஒரு கரைசலைத் தயார் செய்திருந்தார்கள், அதைச் சோதித்துப் பார்க்கக் காடு தேடிக்கொண்டிருந்தாள். புளித்த சாணி வாடை அடிக்கிற ஒரு கேன், அவ்வளவுதான். அதற்குள் இருந்த நுண்ணுயிர்கள் மட்டும் பரிசோதனைக்கூடத்தில் திருத்தப்பட்டவை. காட்டுக்கு என்ன திரும்பி வருகிறதோ அதற்குத் தகுந்தபடி அவை தங்களை மாற்றிக்கொள்ளும் என்று விளக்கினாள். மாட்டுக்கு எது குறை என்று அதன் சாணி காட்டிக்கொடுக்கும், அடுத்த போகத் தீவனத்தில் அந்தக் குறை தீர்ந்திருக்கும்.

"நீங்க திருப்பிக் குடுக்கக் குடுக்க, மண்ணு உங்களைப் படிச்சுக்கும்ணா" என்றாள்.

பூபதி அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சாணியும் சமையலறைக் கழிவும் போட்டால் போதும் என்றுதான் பெனசீர் சொன்னாள். அவன் அதோடு நிற்கிற ஆளா? பட்டறையில் செய்யத் தவறியதை வீட்டில் செய்து தீர்ப்பது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு குழாயாகத் தேடித் தேடி உள்பக்கம் திருப்பினான். விளைந்ததில் ஒரு கீரைக்கட்டைக்கூட விற்கவில்லை, விற்றால் சத்து வெளியே போய்விடுமாம். முதல் வருஷம் அரிசியும் எண்ணெயும் கடையிலிருந்து வந்தன. அடுத்த வருஷம் உப்பு மட்டும் வந்தது. மூன்றாம் வருஷம் அதையும் நிறுத்தினான். சாய உப்பு ஏறிய மண்ணில் வளர்ந்த கீரைக்குத் தனியாக உப்புத் தேவைப்படவில்லை. கழிப்பறைத் தொட்டியை அள்ளிப் போடுவது மட்டும் கௌசல்யாவின் தலையில் விழுந்தது. கொள்கை அவனுடையது, வாளி அவளுடையது.

பலன் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெளுத்துக் கிடந்த மண் கறுத்தது. கொத்தினால் மண்புழு நெளிந்தது. கிணற்றுத் தண்ணீர் தண்ணீர் நிறத்துக்கே திரும்பியது. சோளம், கம்பு, ராகி, கொள்ளு, கடலை, காய்கறி என்று எதை ஊன்றினாலும் வந்தது. மகிழினியின் இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்பதே வீட்டில் மறந்துபோயிற்று. ஒரு நாள் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அவள் வரப்பில் ஓடினாள். மகள் ஓடுவதை அடுப்படியிலிருந்து முதல் தடவை பார்த்த கௌசல்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் கேட்காமலே அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

உறுத்தல்களும் இருந்தன. கௌசல்யாவின் அக்கா வந்து ஒரு நாள் தங்கினாள். ராகிக்களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். இவர்கள் மூவரும் தட்டை வழித்துத் தின்ன, அக்கா இரண்டு வாயோடு நிறுத்தி, ஒரு ருசியும் தெரியவில்லையே, காய்ச்சல் வரப்போகிறதோ என்னவோ என்றாள். காய்ச்சல் வரவில்லை. ஊருக்குப் போனதும் நாக்குச் சரியாகிவிட்டதாகப் போன் செய்தாள். அப்புறம், விதைக்காத இடங்களில் முளைத்தது. மகிழினியின் ஜன்னலோரம் தக்காளி தானாக வந்தது. கீரை வாசற்படியை ஒட்டி வந்து நின்றது. காடு வீட்டைத் தேடி வருகிறது பார் என்று பூபதி பூரித்துப்போனான். கௌசல்யாவுக்கு அந்தப் பேச்சு ஏனோ பிடிக்கவில்லை.

மகிழினிக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது அந்த உறுத்தலுக்கு முகம் கிடைத்தது.

அந்தப் பெண் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. பத்தாவது படிக்கும்போதே, கன்று திரும்பிக்கொண்டு தவித்த பசுவின் வயிற்றுக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தவள். கையெல்லாம் ரத்தமும் சளியுமாக நின்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்த அன்றே இவள் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று கௌசல்யா மனதில் முடிந்துவைத்துவிட்டாள். விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஒரு வாரம் தாங்கவில்லை. விடுதியிலிருந்து போன் வந்தது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தால் பிள்ளை பாதியாகியிருந்தாள். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டோம், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையைப் பிசைந்தார். பூபதி அடுக்குப் பாத்திரத்தில் களியும் கொள்ளுப்பருப்பும் கொண்டுபோயிருந்தான். மகிழினி அந்த மூடியைத் திறந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் பிள்ளை எழுந்து நடந்தாள்.

"பாத்தியா, நம்ம சோத்தோட மகிமையை" என்றான் பூபதி. அவன் முகத்தில் இருந்தது பெருமை. கௌசல்யா, பிள்ளை வழித்து வைத்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

மகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு திரும்பும் வழியில் பஸ் நின்ற இடத்தில் கௌசல்யா ஒரு டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற அளவுக்கு வாந்தி எடுத்தாள். வெளியில் சாப்பிட்டுக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெனசீர் ஒவ்வொரு அறுவடைக்கும் மண் எடுத்துப் போக வருவாள். அந்தத் தடவை கௌசல்யா அவளைக் காட்டுக்குள் விடாமல் கிணற்றடியிலேயே நிறுத்தி நடந்ததையெல்லாம் சொன்னாள். குழாய்களை எப்படித் திருப்பியிருக்கிறார்கள், எருக்குழியில் என்னென்ன போகிறது என்று பெனசீர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் செத்துவிட்டது. மண்ணையும் மூவரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனவள், முடிவு வந்ததும் போனில் சொல்லாமல் நேரில் வந்தாள்.

"நாங்க இதைத் திறந்த காட்டுக்குன்னு செஞ்சோம்க்கா. மழைத் தண்ணி அடிச்சுட்டுப் போகும், வெளைச்சல் சந்தைக்குப் போகும், ஊரான் மாடு வந்து மேயும். ஒரு காட்டை இப்பிடி மூணே பேரை வெச்சுப் பூட்டுவாங்கன்னு நாங்க நெனைச்சுக்கூடப் பாக்கல."

"மண்ணுக்குப் புத்தி கெட்டுப்போச்சாம்மா?"

"மண்ணுக்குப் புத்தியே கெடையாதுக்கா. கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு, தெனம் பெருகுது, தெனம் சாகுது. எதுக்கு இரை திரும்பி வருதோ அது பெருகும். உங்களை வெளிய சாப்பிட விடுற வகைக்கு வரவு கொறையும், அது செத்துரும். உங்களை இங்கயே உக்கார வெக்கிற வகைக்கு வரவு நிக்கவே நிக்காது. இத்தனை வருசமா இங்க நடந்தது அதுதான். யாரும் திட்டம் போடல."

"அப்ப நாங்க பட்டியில அடைச்ச ஆடுங்கதான்" என்றாள் கௌசல்யா.

மீளுவதற்கு வழி உண்டு என்றாள் பெனசீர். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரிதான். வெளிச் சோற்றை ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டி, காட்டுச் சோற்றைக் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதற்கு முன்னால் வட்டத்தை உடைக்க வேண்டும். மூன்று பேரின் கழிவும் மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறவரை அதன் பிடி இறுகிக்கொண்டேதான் போகும். கம்பெனியில் சொன்னால் காட்டையே சுற்றி வேலி போட்டு ஆராய்ச்சி செய்ய வந்துவிடுவார்கள், அதனால் இன்னும் சொல்லவில்லை என்றாள்.

பூபதி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கம்பெனிக்காரர்கள் வேறு எதையோ விற்க வழி பார்க்கிறார்கள் என்றான். அவனும் ரகசியமாகக் கடை முறுக்கு ஒன்றைத் தின்று பார்த்து வாந்தியெடுத்தவன்தான், கௌசல்யா அதைப் பார்த்தாள். இருந்தாலும் அவன் பிடித்த பிடியை விடவில்லை. மகள் வீட்டிலேயே இருந்து ஊரார் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கட்டுமே, படித்துத்தான் பார்க்க வேண்டுமா என்றான்.

"இவளுக்கு மூச்சு வந்தது இந்தச் சோத்துலதான் புள்ள. இதை உட்டுட்டு எங்க போகோணும்ங்கற?"

அதில் பொய் எதுவும் இல்லாததுதான் கௌசல்யாவுக்குக் கஷ்டமாக இருந்தது. மகளைப் பார்த்தாள். மகிழினி கல்லூரிப் புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பூபதி மாட்டை ஓட்டிக்கொண்டு மேக்காட்டுப் பக்கம் போன ஒரு நாள், கௌசல்யா இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துக் குளியலறைக்குப் பின்னால் உட்கார்ந்து குழாயை அறுத்தாள். அறுத்த முனையில் பழைய ஓஸ் குழாயைச் சொருகி, வேலிக்கு அடியில் விட்டு ஆற்றுப் பள்ளத்தில் இறக்கினாள். முனை புதருக்குள் மறைந்தது. கழிப்பறை வாளியைப் பற்றிய கவலையே இல்லை. அது எங்கே போகிறது என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் பின்னால் வந்து பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப்புறம் புறம்போக்கில் குழி தோண்டிப் புதைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனுக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

பிறகு மறக்கடிக்கும் வேலை ஆரம்பித்தது. கடை அரிசியைத் தனியாக வேகவைத்து, ஒரு கரண்டியைக் களியில் பிசைந்து மகளுக்குக் கொடுத்தாள். மகிழினி முதலில் அதையும் வாந்தியெடுத்தாள். இவள் வாயைக் கழுவிவிட்டு மறுபடி கொடுத்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொண்டு பாலை நிறுத்தியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அழுகை ஓய்ந்த பிறகு பிள்ளை அவளை ஒரு அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இப்போதும் அதே பார்வை பார்த்தாள். கௌசல்யா மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.

காட்டுக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று சொல்லக்கூடாது என்பாள் பெனசீர், ஆனால் அங்கே குடியிருந்தவர்களுக்கு வேறெப்படிச் சொல்வது? மேற்குப் பாத்திகள் பழுத்து வாடின. வீட்டை ஒட்டிய பாத்திகளோ வெறி பிடித்தது போலத் தழைத்தன. ஜன்னலோரத் தக்காளி கொத்துக் கொத்தாகப் பழுத்து, அதன் வாசம் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. மகிழினி மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு காலை நேரம் கௌசல்யா வாசல் தெளிக்க வந்தபோது, மகள் செடிக்கு முன்னால் மண்டியிட்டு, காயும் பழமுமாகப் பிய்த்து இரண்டு கையாலும் வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. வாய் மட்டும் நிற்கவில்லை. கௌசல்யா செடியை வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே வீசினாள். வாரம் திரும்புவதற்குள் அதே இடத்தில் மூன்று செடி முளைத்தது.

பூபதிக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்? மணல் தொட்டி காய்ந்துகிடப்பதைப் பார்த்தவன், பட்டறைக்காரன் கண்ணோடு குழாயைத் தடவிக்கொண்டே வந்து அறுபட்ட இடத்தைப் பிடித்துவிட்டான். ஓஸ் முனையிலிருந்து சோப்புத் தண்ணீர் ஆற்றுப் பள்ளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. அடுப்படிக்கு வந்து நின்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டான். ஒரு ஆறு நாசமானதற்கு உடந்தையாக இருந்தவன் நான், சாகும்வரை ஒரு சொட்டு வெளியே விடமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன், அது உனக்குத் தெரியும்தானே என்றான். கௌசல்யா தலை குனிந்து நின்றாள். பதில் சொன்னது மகிழினி.

"எனக்கு வீசிங் வந்தாலும் பரவால்லீங்ப்பா. மருந்து போட்டுக்கறேன். நான் போகோணும்."

"செத்துப்போயிருவ சாமி."

"இங்கயே இருந்தா நானும் இந்தத் தக்காளிச் செடி மாதிரித்தானுங்ப்பா. நீங்க ஊனுன எடத்துல நிப்பேன்."

பூபதி வெளியே போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து எழுந்து, காய்ந்த தொட்டியின் மேல் கிடந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தான். அறுத்த இடத்தை ஒட்டவில்லை. அன்று மத்தியானம் மகளின் தட்டில் கடைச் சோற்றைப் போட்டது அவன்தான்.

அடுத்த வருஷச் சேர்க்கைக்கு மகிழினி போய்விட்டாள். இளைத்துக் கறுத்துத்தான் போனாள். விடுதிக்குப் போன கொஞ்ச நாளிலேயே வீசிங் திரும்பி வந்தது, பையில் எந்நேரமும் இன்ஹேலர். ஆனால் சாப்பாடு தங்கியது. விடுதி இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று போனில் குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்கக் கௌசல்யாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது போல இருந்தது. நாங்களும் பின்னாலேயே மறக்கடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம், காட்டை அப்படியே போட்டுவிட்டு நாமக்கல்லிலேயே வீடு பார்த்துவிடலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். பூபதியும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

ஆரம்பிக்கத்தான் முடியவில்லை. மகள் போன பிறகு காடு விளைந்த விளைச்சலை என்னவென்று சொல்வது. யாரும் விதைக்காத எள்ளும் வெந்தயமும் வரப்பெல்லாம் மண்டின. பயறும் கீரையும் வாசற்படி ஏறின. கௌசல்யாவுக்கு எவ்வளவு தின்றாலும் தீராத பசி எடுத்தது. கரண்டிக் கணக்கெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. மாதத்துக்கு ஒரு தரம் வருவது நின்றுபோயிற்று. வயசு ஆகிறது, நிற்கிற காலம்தான் என்று எண்ணிக்கொண்டாள். மகிழினிக்குப் பிறகு இன்னொன்று வேண்டுமென்று ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத கோயில் இல்லை. இனிமேல் வாய்ப்பில்லை என்று பெரிய டாக்டரே சொல்லி, அந்தப் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் காலையில் குமட்டல் வந்தபோதுகூட, மறக்கடிக்காமலேயே வயிறு புரட்டுகிறதே என்று ஆச்சரியம்தான் பட்டாள்.

பெனசீர்தான் முதலில் கண்டுபிடித்தாள். மண் எடுக்க வந்தவள் கௌசல்யாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் கைகொடுத்தார். வயிற்றில் இருந்ததற்கு நாலு மாதம், நல்ல ஆரோக்கியம், இந்த வயதில் இத்தனை சத்தான கர்ப்பத்தை நான் பார்த்ததே இல்லை என்றார்.

கார் திரும்பிக் காட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை.

"நான் கொழாயை அறுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டாம்மா?" என்றாள் கௌசல்யா.

பெனசீர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வரவு கொறைஞ்சுதுல்லக்கா. மூணு வயிறு ரெண்டாச்சு. கொறைஞ்ச வரவை எந்த வகை கூட்டுச்சோ அது பெருகியிருக்கு. எள்ளு, வெந்தயம், அந்தக் கீரை எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்தேன். உங்க உடம்பைக் கர்ப்பத்துக்குத் தயார் பண்ற சத்து அத்தனையும் அதுல இருக்கு."

"இந்தப் புள்ளைய மறக்கடிக்க முடியுமா?"

"இப்ப நீங்க சாப்பாட்டை மாத்தவே கூடாது. மகிழினி பட்ட பாட்டை வயித்துல இருக்கறது தாங்காது, போயிரும்."

"அது தெரியும். பொறந்த பொறவு கேக்கறேன்."

"மகிழினி பொறந்து வளந்தது வெளிச்சோத்துலக்கா" என்றாள் பெனசீர். "அவ உடம்புக்குத் திரும்பிப் போக ஒரு பழைய பழக்கம் இருந்துச்சு. இதுக்கு அது இருக்காது. எங்கிட்ட வழியில்ல."

கௌசல்யா இறங்கி உள்ளே போனாள். மகளுக்குச் சொல்லக்கூடாது என்று நடக்கும்போதே முடிவு செய்துகொண்டாள். தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். இத்தனை பாடுபட்டு ஒன்றைக் கரையேற்றியதற்குக் காடு இன்னொன்றைப் பிடித்துவைத்துக்கொண்டது என்று மனம் கசந்தது. கருவை அழிக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த அடுத்த நொடியே கை தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டது. தன் கையா அது, காட்டின் கையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பூபதிக்குத் தலைகால் புரியவில்லை. பெனசீர் சொன்னதெல்லாம் அவனுக்கும் தெரியும், கேட்டான், புரிந்துகொண்டான், முகம்கூட வாடினான். ஆனாலும் மனுஷன் எத்தனை வருஷம் ஏங்கியவன். சந்தோஷம் அவனை மீறி வந்துகொண்டிருந்தது. ரம்பம் பட்ட இடத்தில் புதுக் குழாயைப் பொருத்தி ஒட்டிவிட்டான். பிள்ளைக்குச் சத்து வேண்டுமே, இனி ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்றான். இந்தத் தடவை கௌசல்யாவால் மறுத்துப் பேச முடியவில்லை. பசை காய்கிறவரைக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவள்தான்.

அன்றைக்குச் சமையலும் அவனே. களி கிளறி, எள்ளுத் துவையல் அரைத்து, வாசற்படிக் கீரையைக் கடைந்து, அவளை உட்காரவைத்துப் பரிமாறினான். ஆவி முகத்தில் அடித்தது. தொடக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது ஒவ்வொரு வாயும் உள்ளே இருப்பதை இந்த மண்ணோடு சேர்த்துக் கட்டுகிறது, கொஞ்சமாகவாவது குறைத்துத் தின்ன வேண்டும், இரண்டே வாய், அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. வயிற்றுக்குள் பிள்ளை முதன்முதலாகத் துள்ளியது. அவள் எடுத்து வாயில் வைத்தாள். இப்படி ஒரு ருசியை வாழ்நாளில் அறிந்ததில்லை. தட்டு எப்போது காலியானது என்று தெரியவில்லை. பூபதி கரண்டியோடு நின்றுகொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னங் கொஞ்சம் போடுங்க" என்றாள்.